பிளேயரில் பாட்டை எந்த ஃபார்மேட்டில் வைப்பது?

புதிதாக ஒரு மியூசிக் பிளேயர் வாங்கும்போதும் சரி, அலமாரியில் கிடந்த பழைய ஐபாடை எடுத்துத் தூசி தட்டும்போதும் சரி, வரும் கேள்வி ஒன்றுதான். எம்பி3, ஏஏசி, ஃபிளாக், ஓபஸ் என்று இத்தனை இருக்கிறதே, எதில் ஏற்றுவது? இந்தப் பேச்சு பெரும்பாலும் ஒலித்தரத்தில் தொடங்கி ஒலித்தரத்திலேயே முடிந்துவிடுகிறது. ஒலித்தரம் முக்கியம்தான். ஆனால் போட்ட பாட்டைத் திரும்ப வெளியே எடுக்க வழியில்லாமல் போவது அதைவிடப் பெரிய நஷ்டம். அதனால் எந்த ஃபார்மேட்டையும் முதலில் அதன் பின்வாசலைப் பார்த்து எடைபோட வேண்டும். பிளேயர் செத்துப்போனால், பாட்டை விற்ற கம்பெனி கடையை மூடினால், நம் கையில் என்ன மிஞ்சும்?

இதற்கு முதல் பாடம் மினிடிஸ்க். 1992-ல் சோனி மினிடிஸ்க்கையும், பிலிப்ஸ் டிசிசி என்ற டிஜிட்டல் கேசட்டையும் சந்தைக்குக் கொண்டுவந்தன. டிசிசி கருவியில் வீட்டில் இருக்கும் பழைய ஆடியோ கேசட்டையும் போட்டுக் கேட்கலாம். அவ்வளவு வசதி இருந்தும் 1996-லேயே அது நின்றுபோனது. மினிடிஸ்க் தாக்குப்பிடித்தது. 64 மில்லிமீட்டர் வட்டு, ஏட்ராக் என்ற சுருக்கமுறை, 292 கேபிபிஎஸ் பிட்ரேட் (அதாவது விநாடிக்கு 292 கிலோபிட்), 74 நிமிடம். எழுதலாம், அழிக்கலாம், பாட்டை நடுவில் வெட்டலாம், வரிசை மாற்றலாம். சட்டைப்பையில் அடங்கும் ரெக்கார்டராக அது அருமையான கருவி.

2000-ல் எம்டிஎல்பி என்ற நீண்டநேரப் பதிவு முறை வந்தது. எல்பி2 என்றால் 132 கேபிபிஎஸ், இரண்டு மடங்கு நேரம். எல்பி4 என்றால் 66 கேபிபிஎஸ், நான்கு மடங்கு நேரம். இந்த முறையில் பதிந்த டிஸ்க்கைப் பழைய கருவியில் போட்டால் டிஸ்க் சுற்றும், நிமிடம் ஓடும், சத்தம் மட்டும் வராது. பிளேயர் கெட்டுப்போயிற்று என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிஸ்க்கின் முறை புதிது, கருவி பழையது, அவ்வளவுதான். 2001-ல் யுஎஸ்பி கேபிளோடு நெட்எம்டி வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்க்குக்குப் பாட்டை அனுப்பலாம். ஆனால் மைக் வைத்து நீங்களே பதிந்ததை டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு அந்தக் கேபிள் வழியாகக் கொண்டுவர அன்று வழி இல்லை. பின்வாசல் அடைத்த வீடு என்று சொன்னால் அது இதுதான். 2004-ல் ஒரு ஜிபி ஹைஎம்டி டிஸ்க் வந்தது. சாதாரண மினிடிஸ்க் பதிவுகளையும் யுஎஸ்பி வழியாக எடுக்கத் தரும் எம்இசட்-ஆர்எச்1 என்ற கருவி 2006-ல்தான் வந்தது. அதற்குள் ஐபாட் வந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது.

வீட்டில் கச்சேரியோ, கல்யாணமோ, தாத்தாவின் குரலோ பதிந்த மினிடிஸ்க் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். வெற்று மினிடிஸ்க் தயாரிப்பையே சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. ஓடும் நிலையில் உள்ள கருவிகளும் வருடாவருடம் குறைகின்றன. முதல் வேலையாக, டிஸ்க் ஓரத்தில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளைத் துளை திறந்திருக்கும்படி நகர்த்துங்கள். அப்படி வைத்தால் அதன்மேல் தவறியும் எழுத முடியாது. எம்இசட்-ஆர்எச்1 கிடைத்தால் யுஎஸ்பி வழியாக ஏட்ராக் ஃபைலாகவே எடுக்கலாம். சில சோனி நெட்எம்டி கருவிகளில் வெப் மினிடிஸ்க் ப்ரோ என்ற இலவசச் செயலி குரோம் பிரௌசரிலேயே அந்த வேலையைச் செய்துவிடும். இரண்டும் இல்லையென்றால் கருவியின் லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்கு 3.5 மில்லிமீட்டர் கேபிள் போட்டு, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் பதியுங்கள். 74 நிமிட டிஸ்க்குக்கு 74 நிமிடம் உட்கார வேண்டும். உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபல் அருகே நிற்கும்படி அளவை வைத்தால் போதும். பூஜ்யத்தைத் தொட்டால் அந்த இடம் கிழிந்த சத்தமாகவே நிரந்தரமாகிவிடும். மினிடிஸ்க்கில் புதிதாகப் பதிகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பதிவை நிறுத்தியதும் கருவி பாட்டுப் பட்டியலை டிஸ்க்கில் எழுதும். அது முடிவதற்குள் பேட்டரியைக் கழற்றினால் பதிந்த ஒலி டிஸ்க்கில் இருந்தும் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு இல்லாமல் போய்விடும். திரையில் டிஓசி என்ற எழுத்து மறையும்வரை கை வைக்கக்கூடாது.

இரண்டாவது பாடம் பூட்டுப் போட்ட பாட்டுகள். 2003 ஏப்ரலில் ஐடியூன்ஸ் ஸ்டோர் திறந்தபோது 128 கேபிபிஎஸ் ஏஏசி பாட்டுகள் ஃபேர்பிளே என்ற பூட்டோடு விற்கப்பட்டன. மைக்ரோசாஃப்ட் 2004-ல் பிளேஸ்ஃபார்ஷ்யூர் என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. அந்த முத்திரை உள்ள கடையில் வாங்கினால் முத்திரை உள்ள எந்த பிளேயரிலும் பாடும் என்பது வாக்குறுதி. 2006-ல் அதே மைக்ரோசாஃப்ட் விட்ட சூன் பிளேயரில் அந்தப் பாட்டுகள் பாடவில்லை. 2008-ல் யாஹூ மியூசிக் தன் உரிமச் சர்வர்களை மூடியது. பாட்டு ஹார்டு டிஸ்க்கில் அப்படியே இருக்கும். புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றினால் திறக்காது. ஆப்பிள் 2007-ல் பூட்டில்லாத 256 கேபிபிஎஸ் பாட்டுகளை விற்கத் தொடங்கி 2009-ல் பாட்டுகளிலிருந்து பூட்டை முழுவதும் எடுத்தது. பழைய கம்ப்யூட்டரில் ஃபைல் பெயரின் கடைசியில் எம்4பி என்று இருந்தால் அது பூட்டோடு வந்த காலத்துப் பாட்டு என்று புரிந்துகொள்ளலாம்.

ஆகவே ஒரு ஃபார்மேட்டையோ பிளேயரையோ தேர்ந்தெடுக்கும் முன் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. ஒரு பாட்டை பிளேயரில் ஏற்றுங்கள். பிறகு அந்த பிளேயரை வேறொரு கம்ப்யூட்டரில், எந்தச் சிறப்பு மென்பொருளும் போடாமல், சாதாரண பென்டிரைவ் போலச் செருகுங்கள். அந்த ஃபைல் அதே பெயரோடு கண்ணில் படுகிறதா? நகலெடுத்து விஎல்சியில் போட்டால் பாடுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் நம்பி வாங்கலாம். பழைய ஐபாட் இதில் பாதி மதிப்பெண்தான் வாங்கும். பாட்டுகள் மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டருக்குள் எஃப்00, எஃப்01 என்ற துணை ஃபோல்டர்களில் நான்கெழுத்துப் பெயரோடு சிதறிக் கிடக்கும். உள்ளே டேக் (பாட்டின் பெயர், பாடியவர் போன்ற குறிப்பு) அப்படியே இருப்பதால் எம்பி3டேக் போன்ற மென்பொருளில் டேகைக் கொண்டு பெயர் மாற்றினால் மீட்டுவிடலாம். நேராக இழுத்துப் போட்ட ஃபைலை ஐபாட் பாடாது, ஏனென்றால் அது ஐடியூன்ஸ் எழுதிய பட்டியலைத்தான் பார்க்கும்.

மூலப்பிரதி ஒன்று, பிளேயர் பிரதி இன்னொன்று

எந்த ஃபார்மேட் என்ற சண்டையில் பாதி, இரண்டு வேலைக்கு ஒரே ஃபைலைத் தேடுவதால் வருகிறது. வீட்டில் காலத்துக்கும் வைத்திருக்கப்போவது மூலப்பிரதி. அது ஃபிளாக்கில் இருக்கட்டும். பிளேயரில் ஏற்றுவது அதிலிருந்து எடுத்த நகல். பிளேயர் எதைத் தின்னுமோ அதில் எடுத்துக்கொள்ளலாம். பிளேயர் மாறினால் நகலை அழித்துவிட்டு வேறு ஃபார்மேட்டில் மறுபடி எடுக்கலாம். மூலம் கையில் இருக்கும்வரை எந்தத் தேர்வும் நிரந்தரத் தவறு ஆகாது.

ஃபிளாக் ஏன்? 2001-லிருந்து இருக்கிறது, யாருக்கும் உரிமக் கட்டணம் இல்லை, 2024-ல் ஆர்எஃப்சி 9639 என்ற இணையத் தர ஆவணமாகவும் ஆகிவிட்டது. சுருக்கியதை விரித்தால் ஒரு பிட் பிசகாமல் பழைய ஒலி திரும்பும். ஆப்பிள் லாஸ்லெஸ்ஸும் இதே வேலையைச் செய்யும், 2011-லிருந்து அதுவும் திறந்த மூலம்தான். ஐபோனின் மியூசிக் செயலி ஃபிளாக்கை ஏற்காது, ஆப்பிள் லாஸ்லெஸ்ஸை ஏற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை முறை மாற்றினாலும் இழப்பு இல்லை என்பதால் இந்த இரண்டில் எது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கைப் பார்ப்போம். சிடியின் ஒலி விநாடிக்கு 1,411 கிலோபிட், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு 53 எம்பி. ஃபிளாக்கில் பெரும்பாலும் 25 முதல் 35 எம்பிக்குள் நிற்கும். 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 12 எம்பி, லேம் என்ற எம்பி3 என்கோடரின் வி2 அமைப்பு என்றால் சுமார் 7 எம்பி, 128 கேபிபிஎஸ் ஓபஸ் என்றால் 5 எம்பிக்குக் கீழே. 128 ஜிபி கார்டில் ஃபிளாக் பாட்டு ஏறக்குறைய 4,000, 320 எம்பி3 ஏறக்குறைய 10,000. 500 சிடி வைத்திருப்பவருக்கு மூலப்பிரதிக்கு 200 ஜிபி ஒதுக்கினால் போதும். 1950, 60-களின் சினிமாப் பாட்டுகள் மோனோ. சிடியில் இடது, வலது இரண்டும் அச்சாக ஒன்றாக இருந்தால் ஃபிளாக் இரண்டாவது சேனலுக்கு ஏறக்குறைய இடமே எடுக்காது, ஃபைல் பாதியாகும். அப்படிப் பாதியாகவில்லை என்றால் தவறில்லை. டேப்பிலிருந்து மாற்றும்போதே இரண்டு சேனலுக்கும் நூலிழை வித்தியாசம் வந்திருக்கும்.

சிடியிலிருந்து எடுக்கும்போது அவசரம் கூடாது. விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர். மூன்றும் இலவசம். செக்யூர் மோடில் வையுங்கள். கீறல் உள்ள இடத்தை அது திரும்பத் திரும்பப் படித்து ஒத்துப்பார்க்கும். சாதாரண மென்பொருள் அந்த இடத்தைத் தோராயமாக இட்டு நிரப்பிவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடும், டிக் டிக் என்ற சத்தம் பிறகுதான் தெரியவரும். ஆக்யூரேட்ரிப் என்ற பொதுத் தரவோடு ஒப்பிடும் வசதியையும் போட்டுக்கொள்ளுங்கள். பல தமிழ் சிடிக்களுக்கு அது "தரவில் இல்லை" என்று சொல்லும். அது பிழை இல்லை, அந்த சிடியை வேறு யாரும் பதிவேற்றவில்லை என்றுதான் அர்த்தம். அப்போது டெஸ்ட் அண்ட் காப்பி கொடுத்து, இரண்டு முறை படித்ததன் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் நம்பலாம். வேறுபட்டால் சிடியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். பிறகு வேறு டிரைவில் முயலுங்கள்.

1980-களில் அச்சான சில சிடிக்களில் ப்ரீ-எம்ஃபசிஸ் என்ற உயர்ஸ்தாயி ஏற்றம் இருக்கும். சிடி பிளேயர் அதைத் தானே சமன் செய்யும். ரிப் செய்த ஃபைலில் அந்த ஏற்றம் அப்படியே நின்று ஒலி கீச்சென்று இருக்கும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி பட்டியலில் அந்தப் பாட்டுக்கு எதிரே 'ப்ரீ' பத்தியில் குறி விழுந்திருந்தால் சாக்ஸ் என்ற மென்பொருளின் டீஎம்ஃப் கட்டளையால் சரிசெய்துகொள்ளலாம்.

கையில் சிடி இல்லை, பழைய எம்பி3 மட்டும்தான் இருக்கிறது என்றால் அதுதான் உங்கள் மூலம். அதை ஃபிளாக்காக மாற்றாதீர்கள். போனது திரும்பாது, இடம்தான் வீணாகும். ஏஏசிக்கோ ஓபஸுக்கோ மாற்றவும் வேண்டாம். ஒருமுறை நசுக்கியதை இன்னொரு முறை நசுக்குவதாகிவிடும். யாரோ கொடுத்த "320" பாட்டு உண்மையில் 320தானா என்று ஸ்பெக் என்ற சிறு மென்பொருளில் பார்க்கலாம். 128-ஐ ஊதிப் பெருக்கியது என்றால் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியது போல் நேர்கோடு தெரியும். உண்மையான 320 ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். பழைய டேப் பதிவுகளில் இயல்பாகவே மேலே ஒன்றும் இருக்காது, ஆனால் அங்கே ஒலி சரிவாகத் தேய்ந்து மறையும், நேர்கோடாக நிற்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல பழைய பதிவைப் போலி என்று அழித்துவிடக்கூடாது.

பிளேயர் பிரதிக்கு எது?

என்னைக் கேட்டால், பிளேயர் எதுவென்றே தெரியாத நிலையில் பதில் எம்பி3. அதன் கடைசிக் காப்புரிமைகளுக்கான உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிந்துவிட்டது. கார் ஸ்டீரியோ, பஸ்ஸில் இருக்கும் யுஎஸ்பி பெட்டி, 300 ரூபாய் ஸ்பீக்கர், 1998-ல் வந்த முதல் எம்பி3 பிளேயர்கள் வரை எல்லாம் அதைப் பாடும். லேம் என்கோடரில் வி2 வைத்தால் சராசரி 190 கேபிபிஎஸ், வி0 வைத்தால் 245. 320-க்குப் போக அவசியம் இல்லை. மிகப் பழைய கருவி மாறும் பிட்ரேட்டைத் தடுமாறிப் பாடினால் மட்டும் 256 நிலையான பிட்ரேட் வையுங்கள். அப்படித் தடுமாறும் கருவியில் நேரம் தப்பாகக் காட்டும், ஓடவிட்டுத் தேடினால் வேறு இடத்துக்குத் தாவும். பல சமயம் அதற்குக் காரணம் ஃபைலின் தலைப்பகுதியில் இருக்க வேண்டிய ஜிங் குறிப்பு இல்லாததுதான். ஃபூபார்2000 என்ற கம்ப்யூட்டர் பிளேயர் மென்பொருளில் எம்பி3 தலைப்பைத் திருத்தும் கட்டளை கொடுத்தால் சரியாகும்.

ஏஏசி, எம்பி3யைவிட அதே அளவில் ஒரு படி மேல். ஆப்பிள் கருவி மட்டும் வைத்திருப்பவருக்கு 256 கேபிபிஎஸ் ஏஏசி போதும். ஆனால் எம்4ஏ என்ற பெயரை நம்பி ஏமாறாதீர்கள்: அது வெறும் பெட்டி. உள்ளே ஏஏசியும் இருக்கலாம், ஆப்பிள் லாஸ்லெஸ்ஸும் இருக்கலாம். பிட்ரேட் 256 போல் இருந்தால் முன்னது, 700, 900 என்று இருந்தால் பின்னது. "எம்4ஏ பாடும்" என்று அட்டையில் போட்டிருக்கும் பிளேயர் ஒன்றைப் பாடி இன்னொன்றைத் தாண்டிப் போவது இதனால்தான். ஹெச்இ-ஏஏசி என்ற குறைந்த பிட்ரேட் வகையும் அதே பெட்டியில் வரும். அதை அறியாத பழைய கருவி பாதி ஒலியை மட்டும் விரித்து, போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல் பாடும். டபிள்யூஎம்ஏவிலும் இதே கதை: சாதாரணம், ப்ரோ, லாஸ்லெஸ் மூன்றுக்கும் ஒரே பெயர், பெரும்பாலான பிளேயர்கள் முதல் வகையை மட்டுமே அறியும். இன்று புதிதாக டபிள்யூஎம்ஏவில் ஏற்ற ஒரு காரணமும் இல்லை.

ஆண்ட்ராய்டு போனோ, ராக்பாக்ஸ் போட்ட பழைய பிளேயரோ என்றால் ஓபஸ் 128 கேபிபிஎஸ் மிக நல்ல தேர்வு. இடம் குறைவு, ஒலி சுத்தம், உரிமச் சிக்கல் இல்லை. கார் ஸ்டீரியோ அதை அறியாது என்பது ஒன்றுதான் குறை. ராக்பாக்ஸ் என்பது பழைய ஐபாட், சான்சா கிளிப் பிளஸ் போன்றவற்றுக்கு ஆர்வலர்கள் எழுதிய இலவச இயங்கு மென்பொருள். அதைப் போட்டால் ஐபாடும் ஃபிளாக், வோர்பிஸ் (ஓபஸுக்கு முந்தைய திறந்த சுருக்கமுறை), ஓபஸ் பாடும். ஐடியூன்ஸ் இல்லாமல் ஃபோல்டராக இழுத்துப் போடலாம். பின்வாசலை நாமே இடித்துத் திறப்பது போலத்தான். ஒரு கவனம்: ஹார்டு டிஸ்க் உள்ள ஐபாடில் ஃபிளாக் ஏற்றினால் பேட்டரி சீக்கிரம் தீரும். அதன் நினைவகம் பல மாடல்களில் 32 எம்பி. ஒரு ஃபிளாக் பாட்டிலேயே அது நிரம்பிவிடுவதால் பாட்டுக்குப் பாட்டு டிஸ்க் சுற்றி எழ வேண்டும். எம்பி3 என்றால் நாலைந்து பாட்டுக்கு ஒருமுறை சுற்றினால் போதும்.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம் கூடுதலாகத் தேவை. முதலாவது, குறைந்த பிட்ரேட் முதலில் அடிபடும் இடம் தம்புராவும் கடமும். தம்புராவின் நெருக்கமான மேல்சுரங்களை 64, 96 கேபிபிஎஸ் எம்பி3 நீருக்கடியில் கேட்பது போல் ஆக்கிவிடும். கடம், கஞ்சிராவின் கூர்மையான தட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய இரைச்சல் நிழல் விழும், தட்டு மழுங்கும். ஒரு ஃபார்மேட்டைச் சோதிக்கத் தனி ஆவர்த்தனத்தைவிட நல்ல பகுதி கிடையாது.

இரண்டாவது, இடைவெளி. ராகம், தானம், பல்லவி மூன்று டிராக்காக வெட்டிய சிடியில் ஒலி தொடர்ந்து ஓடும். எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக அடுக்குகிறது. தொடக்கத்தில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் வெற்று ஒலி சேர்ந்துவிடும். லேம் அந்த அளவைத் தலைப்பில் குறித்து வைக்கிறது. அதைப் படித்து வெட்டும் பிளேயரில் பிரச்சினை இல்லை. படிக்காத பிளேயரில் தானம் தொடங்கும் நொடியில் தம்புரா அறுந்து ஒட்டும். எவ்வளவு நல்ல கச்சேரியானாலும் அந்த இடம் உறுத்தும். ஃபிளாக், வோர்பிஸ், ஓபஸ் மூன்றிலும் சரியான நீளம் ஃபைலிலேயே இருப்பதால் தொல்லை குறைவு. பிளேயரே இரண்டு பாட்டுக்கு நடுவில் நிறுத்தி எடுக்கும் வகை என்றால் எந்த ஃபார்மேட்டும் உதவாது. ஃபூபார்2000-ல் மாற்றும்போது எல்லா டிராக்கையும் ஒரே ஃபைலாகச் சேர்க்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, ராகம் தானம் பல்லவியை ஒரே டிராக்காக ஏற்றிவிடுங்கள்.

ஏற்றிய பிறகு வரும் தொல்லைகள்

தமிழில் டேக் எழுதினால் பிளேயரில் கேள்விக்குறி வரிசையோ கட்டமோ வருவது பலருக்கும் தெரிந்த தொல்லை. காரணம் மூன்று வகை. பிளேயர் ஐடி3 என்ற டேக் முறையின் முதல் பதிப்பை மட்டும் படித்தால் அதில் தமிழுக்கு இடமே இல்லை, 30 எழுத்துதான் வரம்பு. இரண்டாவது, டேக் 2.4 பதிப்பில் யுடிஎஃப்-8-ல் இருக்கும், பிளேயர் 2.3-ஐ மட்டும் அறியும். எம்பி3டேக் அமைப்பில் 2.3, யுடிஎஃப்-16 என்று வைத்து மறுபடி சேமித்தால் இது தீரும். மூன்றாவது, பிளேயரில் தமிழ் எழுத்துரு இருந்தும் எழுத்தைக் கோக்கும் அறிவு இல்லாதது. "கெ" என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், "கோ" சிதறிவிடும். இதற்கு டேகில் மருந்து இல்லை. மூலப்பிரதியில் தமிழிலேயே எழுதி வையுங்கள். பிளேயர் பிரதியில் மட்டும் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். பழைய எம்பி3 சிடியிலிருந்து வந்த ஃபைல்களில் டிஸ்கி போன்ற பழைய எழுத்துரு முறையில் டேக் இருந்தால் அதை முதலில் யூனிகோடாக மாற்ற வேண்டும்.

பாட்டு வரிசை மாறிப் பாடுவது அடுத்தது. மலிவான பிளேயரும் கார் ஸ்டீரியோவும் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை. கார்டில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அதே வரிசையில் பாடும். நகலெடுக்கும் வரிசை சரியாக அமையப் பெயருக்கு முன்னால் 01, 02 என்று இரண்டு இலக்கமாகப் போடுங்கள், இல்லையேல் 1-க்கு அடுத்து 10 வரும். அதுவும் உதவவில்லை என்றால் ஃபேட்சார்ட் போன்ற மென்பொருளால் கார்டின் பட்டியலையே பெயர் வரிசைக்கு மாற்றலாம். மேக்கிலிருந்து நகலெடுத்தவர்களுக்குப் பாட்டுக்கு ஒன்றாக, புள்ளியும் அடிக்கோடும் கொண்டு தொடங்கும் பாடாத சின்ன ஃபைல்கள் தோன்றும். டாட் கிளீன் கட்டளை அவற்றை நீக்கும்.

64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள மைக்ரோ எஸ்டி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. 32 ஜிபி வரை மட்டும் ஏற்கும் என்று அட்டையில் போட்டிருக்கும் பல பிளேயர்கள், அதே பெரிய கார்டை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸின் சாதாரண ஃபார்மேட் ஜன்னல் வெகுகாலமாக 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தருவதில்லை, ரூஃபஸ் போன்ற தனி மென்பொருள் வேண்டும். அதற்கும் முன்னால், கார்டு அசல்தானா என்று பாருங்கள். 128 ஜிபி என்று காட்டி உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் போலிகள் நிறைய. நகலெடுக்கும்போது ஒரு புகாரும் வராது. பிறகு 8 ஜிபிக்கு அப்பால் ஏற்றிய பாட்டுகள் எல்லாம் நடுவில் அறும் அல்லது ஊமையாகும். எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 கொண்டு கார்டு முழுவதும் எழுதிப் படித்துப் பாருங்கள். சில மணி நேரம் ஆகும், ஆனால் வாங்கிய அன்றே செய்தால்தான் திருப்பிக் கொடுக்க முடியும்.

ஆல்பம் படம் வரவில்லை என்றால் படத்தை 500 பிக்சலுக்குச் சுருக்கி, ப்ரோக்ரெஸிவ் அல்லாத சாதாரண ஜேபெக்காகச் சேமித்துப் பதியுங்கள்.

ப்ளூடூத் ஹெட்போனில் கேட்பவர்கள் ஃபிளாக்குக்கும் எம்பி3க்கும் வித்தியாசம் தேடி அலைய வேண்டாம். ப்ளூடூத் எந்த ஃபைலையும் விரித்து மறுபடி சுருக்கித்தான் அனுப்பும்: எஸ்பிசி என்ற ப்ளூடூத் சுருக்கமுறை என்றால் அதிகபட்சம் 328 கேபிபிஎஸ் அளவில், எல்டாக் என்றால் 990 வரை, கூட்டமான இடத்தில் அது 330-க்கு இறங்கிவிடும். அதே காரணத்தால் மிகக் குறைந்த பிட்ரேட் எம்பி3யை ப்ளூடூத்தில் கேட்பது நல்லதில்லை, நசுங்கியது இரண்டாம் முறை நசுங்கும்.

காதுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்பதை வாதத்தால் தீர்க்க முடியாது. ஃபூபார்2000-ல் ஏபிஎக்ஸ் என்ற கூடுதல் பாகம் உண்டு. ஒரே பாட்டின் ஃபிளாக்கையும் அதிலிருந்து எடுத்த எம்பி3யையும் கொடுத்தால், எது எது என்று காட்டாமல் மாற்றி மாற்றிப் பாடும். 16 முறை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் உங்கள் காதுக்கு உண்மையிலேயே தெரிகிறது. குருட்டாம்போக்கில் அப்படி வர வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. 9, 10 என்று வந்தால் அந்த பிட்ரேட் உங்களுக்குப் போதும், கார்டில் மூன்று மடங்கு பாட்டு ஏற்றலாம். சத்தத்தைச் சமன் செய்யும் ரீப்ளேகெயின் வாய்ப்பை இயக்கிவிட்டுச் சோதியுங்கள், ஏனென்றால் கொஞ்சம் உரக்கப் பாடுவது எப்போதும் நன்றாகப் பாடுவது போலவே கேட்கும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் பாட்டையும் அதிலிருந்து நீங்களே இறக்கிய 16 பிட், 44.1-ஐயும் வைத்து இதே சோதனையைச் செய்த பிறகு, மூன்று மடங்கு இடம் அதற்குத் தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

மூலப்பிரதிக்கு இரண்டு ஹார்டு டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். ஒவ்வொரு ஃபிளாக் ஃபைலும் தன் ஒலியின் எம்டி5 கைரேகையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஃபூபார்2000-ல் எல்லா ஃபைலையும் தேர்ந்தெடுத்து வெரிஃபை இன்டெக்ரிட்டி கொடுத்தால் கைரேகை பொருந்தாதவற்றைப் பட்டியலிடும். வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு டிஸ்க்கிலும் இதை ஓடவிடுங்கள். ஒன்றில் கெட்டிருக்கும் ஃபைலுக்கு மற்றதிலிருந்து நல்ல நகலை எடுத்துப் போட்டுவிட்டு, ஒரே டிஸ்க்கில் இரண்டாம் வருடமும் புதிதாகக் கெட்ட ஃபைல்கள் தென்பட்டால் அந்த டிஸ்க்கை அன்றே மாற்றிவிடுங்கள்.